சிங்கப்பூரில் கணக்குத் திறக்கலாமா? அக்காள் மகன் கணக்கில் காசு வாங்கலாமா?

எல்லை தாண்டிய வியாபாரம் பற்றிய கருத்தரங்கில் லேபிள், உரிமம், சுங்கப் பாரம் என்று பேச்சு போய்க் கொண்டிருந்தபோது, பார்வையாளர் வரிசையில் இருந்த ஓர் அம்மையார் மைக்கைக் கேட்டு வாங்கினார். ஸ்கூடாயில் முறுக்குத் தொழில் நடத்துபவர். தீபாவளிக்கு அக்கம் பக்கத்தாருக்குச் சுட்டுக் கொடுத்ததில் தொடங்கி, இன்று ஐந்து பேரை வேலைக்கு வைத்து, செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனமாகப் பதிவு செய்து நடத்துகிறார். இடைவேளையில் தேநீரோடு பரிமாறப்பட்ட முறுக்கும் அவருடையதுதான் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

அவர் சொன்ன கதை இது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் அவருடைய சரக்கைத் தொடர்ந்து வாங்க ஆரம்பித்தார். பிறகு இன்னொரு கடையும் சேர்ந்தது. காசு கொடுக்கும் நேரம் வந்தபோது கடைக்காரர், "அக்கா, டிடி எல்லாம் அனுப்பிக்கிட்டு இருக்க முடியாது. பேங்குல ஒவ்வொரு தடவையும் சார்ஜ் பிடிக்கிறான். ஒரு சிங்கப்பூர் நம்பர் குடுங்க, உடனே தட்டி விட்டுடுறேன்" என்றாராம். அம்மையார் யோசிக்கவில்லை. அக்காள் மகன் அங்கே நிரந்தரவாசி, கப்பல் பட்டறையில் வேலை. அவன் எண்ணைக் கொடுத்துவிட்டார்.

இரண்டு ஆண்டுகள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பையன் மாதக் கடைசியில் வீட்டுக்கு வரும்போது பணத்தை எடுத்து வந்து கொடுப்பான். ஒரு நாள் வங்கியிலிருந்து அவனுக்குக் கடிதம் வந்தது. உங்கள் சம்பளத்தைவிடப் பல மடங்கு பணம் இரண்டு வர்த்தக நிறுவனங்களிடமிருந்து வருகிறது, வந்த வேகத்தில் ரொக்கமாக வெளியே போகிறது, விளக்கம் தரவும் என்று. அவன் என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் கடத்தினான். கணக்கு முடக்கப்பட்டது. முறுக்குக் காசு 11,400 வெள்ளியோடு அவனுடைய சம்பளமும் உள்ளே மாட்டிக் கொண்டது. வாடகை கட்ட வழியில்லை. "சின்னம்மா, நான் என்னா தப்பு செஞ்சேன்?" என்று அவன் போனில் அழுததைச் சொல்லும்போது அம்மையாரின் குரலும் கம்மியது.

"இனிமே அவன் பேர்ல வேணாம். நானே அங்க ஒரு கணக்குத் திறந்துக்கலாமா? மலேசியக்காரிக்குக் குடுப்பாங்களா?"

மேடையில் இருந்தவர்கள் மூவர். ஓய்வு பெற்ற ஒரு வங்கி அதிகாரி, நிறுவனச் செயலாளராகப் பணியாற்றும் ஒரு பெண்மணி, ஒரு வரி ஆலோசகர். அடுத்த முக்கால் மணி நேரமும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது.

பையன் செய்த தப்பு

முதலில் வங்கி அதிகாரி பையனின் கேள்விக்குப் பதில் சொன்னார். மனத்தில் கள்ளம் இல்லை என்றாலும் செய்தது தப்புதான். ஒரு வங்கிக் கணக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய பணம்தான் அதில் புழங்க வேண்டும். வேறொருவருடைய வியாபாரப் பணம் தனி நபர் கணக்கு வழியாக ஓடினால், வெளியில் இருந்து பார்க்கும் வங்கிக்கு முறுக்குக் காசும் மோசடிக் கும்பலின் காசும் ஒரே மாதிரிதான் தெரியும். பல இடங்களிலிருந்து வரவு, உடனே ரொக்கமாக எடுப்பு, எல்லை தாண்டி வெளியேற்றம். மோசடிக் கும்பல்கள் அடுத்தவர் கணக்கைப் பயன்படுத்தும் முறை அச்சு அசலாக இதுதான். நம் நாட்டில் இதற்கு 'அக்காவுன் கெல்டாய்' என்று பெயரே வந்துவிட்டது. சுமை தூக்கும் கழுதை என்று பொருள்.

சிங்கப்பூரில் சட்டமும் இறுகியிருக்கிறது. 2023-இல் நிறைவேற்றப்பட்டு 2024 பிப்ரவரி 8 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, தெரிந்தே செய்தால்தான் குற்றம் என்ற நிலை போய்விட்டது. கண்மூடித்தனமாகவோ அலட்சியமாகவோ தம் கணக்கை அடுத்தவர் பணத்துக்குத் திறந்து விட்டாலும் குற்றமாகலாம். சிங்பாஸ் விவரங்களை அடுத்தவருக்குக் கொடுப்பதற்கும் இதே கதி ஏற்படலாம். மலேசியாவிலும் 2024-இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்று தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன.

அப்படியானால் இப்போது என்ன செய்வது? ஒளிக்காமல் எல்லாவற்றையும் எடுத்துக் கொண்டு போகச் சொன்னார் அதிகாரி. இரண்டு கடைகளுக்கும் எழுதிய பில்கள், மலேசியச் சுங்கத் துறையின் கே2 ஏற்றுமதிப் பாரங்கள், நிறுவனப் பதிவுச் சான்று, பணம் உண்மையில் யாருடையது என்று இருவரும் கையெழுத்திட்ட கடிதம். வங்கிக்குத் திருப்தி ஏற்பட்டால் பணத்தை விடுவிக்கும். ஆனாலும் அந்தக் கணக்கை மூடிவிடும் உரிமை வங்கிக்கு உண்டு. "அது உன் பணம் என்று மட்டும் பையன் வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது" என்று அவர் அழுத்தமாகச் சொன்னார். பயத்தில் சொல்லும் ஒரு பொய்யால், விளக்கம் கேட்ட விவகாரம் விசாரணை ஆகிவிடும்.

ஒரே வெள்ளியாக இருந்த காலம்

முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவருக்கு இது ஆறவில்லை. அந்தக் காலத்தில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளி என்றால் அந்தப் பக்கமும் ஒரு வெள்ளிதானே, இவ்வளவு கெடுபிடி எங்கே இருந்தது என்று கேட்டார். அவர் சொன்னது உண்மை. 1967-இல் மலேசியாவும் சிங்கப்பூரும் புரூணையும் தனித்தனி நாணயம் வெளியிட்டாலும், ஒன்றுக்கு ஒன்று என்ற சம மதிப்பில் மாற்றிக் கொள்ளும் ஏற்பாடு இருந்தது. 1973 மே மாதம் மலேசியா அதிலிருந்து விலகியது. புரூணையும் சிங்கப்பூரும் மட்டும் இன்றும் அந்த ஏற்பாட்டைத் தொடர்கின்றன. பிறகு 1998 செப்டம்பரில், ஆசிய நிதி நெருக்கடியின்போது, ரிங்கிட்டை வெளிநாட்டில் வாங்கி விற்பதற்கே மலேசியா தடை போட்டது. 3 ரிங்கிட் 80 காசு என்று டாலருக்கு நிலையாகக் கட்டி வைத்த முடிச்சு 2005 ஜூலையில் அவிழ்க்கப்பட்டது. ஆனால் ரிங்கிட் இன்றும் வெளிநாட்டுச் சந்தையில் தாராளமாகப் புழங்கும் நாணயம் அல்ல. ஆகவே சிங்கப்பூரில் கணக்குத் திறந்தாலும் அது சிங்கப்பூர் வெள்ளிக் கணக்காகவோ வேறு நாணயக் கணக்காகவோதான் இருக்கும். ரிங்கிட்டாக மாற்றுவது இங்கே வந்துதான்.

வங்கிகள் ஏன் இப்படிப் பயப்படுகின்றன?

வங்கிகளுக்கும் அடி விழுந்திருக்கிறது என்பதுதான் காரணம். நம் நாட்டையே உலுக்கிய 1எம்டிபி விவகாரத்தில், 2016 மே மாதம் பி.எஸ்.ஐ. வங்கியின் சிங்கப்பூர்க் கிளை நிறுவனத்தை மூடச் சொல்லிச் சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஃபால்கன் வங்கிக்கும் அதே கதி. 2023 ஆகஸ்டு 15-ஆம் தேதி நடந்த போலீஸ் சோதனையில் வெளிநாட்டவர் பத்துப் பேர் கைதானார்கள். கைப்பற்றப்பட்ட, முடக்கப்பட்ட சொத்துகளின் மதிப்பு 300 கோடி வெள்ளியைத் தாண்டியது. பத்துப் பேருக்கும் 13 முதல் 17 மாதங்கள் வரை சிறைத் தண்டனை கிடைத்தது. அவர்களில் சிலர் வங்கிகளுக்குப் போலி ஆவணங்கள் காட்டியிருந்ததும் தெரிய வந்தது. 2025 ஜூலையில், அந்த விவகாரத்தில் கட்டுப்பாடு தளர்வாக இருந்தது என்று ஒன்பது நிதி நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடியே 74 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

இதற்குப் பிறகு ஓர் அதிகாரி வெளிநாட்டு வியாபாரியின் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது, அவர் மனத்தில் வியாபாரியின் முகம் தெரியாது, நாணய ஆணையத்தின் 626-ஆம் அறிவிப்புதான் தெரியும். வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று வங்கிகள் எப்படி விசாரிக்க வேண்டும் என்று விதிக்கும் அறிவிப்பு அது. ஸ்கூடாய் முறுக்கு அம்மாவும் அந்தச் சல்லடையில் விழுந்துதான் வெளியே வர வேண்டும். பெரிய கள்வர்கள் செய்த பாவத்துக்குச் சின்ன வியாபாரிகள் பாரம் நிரப்புகிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

உள்ளே போக எத்தனை வழி?

வெளிநாட்டில் வசிப்பவர் சிங்கப்பூரில் வியாபாரக் கணக்குத் திறப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. நடைமுறையில் இரண்டு வழிகள் இருப்பதாக நிறுவனச் செயலாளர் விளக்கினார்.

மலேசியாவில் பதிவான நிறுவனத்தின் பெயரிலேயே சிங்கப்பூர் வங்கியில் விண்ணப்பிப்பது ஒரு வழி. இது முடியும். ஆனால் வெளிநாட்டு நிறுவனம் என்றால் வங்கிகள் பொதுவாகக் கூடுதல் கட்டணம் கேட்கின்றன, கூடுதல் ஆவணம் கேட்கின்றன, நேரிலும் வரச் சொல்கின்றன. தனி உரிமையாளர் 'எண்டர்பிரைஸ்' பதிவை மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கதவு இன்னும் குறுகல். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பேநவ் சேவையில் நிறுவனங்கள் பணம் பெறுவது யூ.இ.என். என்ற எண்ணை வைத்து. அது சிங்கப்பூரில் பதிவான அமைப்புகளுக்குத் தரப்படும் எண். மலேசிய நிறுவனத்துக்கு அது இருக்காது. கடைக்காரர் கணக்கு எண்ணுக்கு ஃபாஸ்ட் முறையில் நேரடியாக அனுப்பலாம், அதுவும் உடனே வந்து சேரும்.

மற்றொரு வழி சிங்கப்பூரிலேயே ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தொடங்குவது. அரசாங்கக் கட்டணம் 315 வெள்ளிதான். பெயருக்கு 15, பதிவுக்கு 300. மூலதனம் ஒரு வெள்ளி இருந்தாலும் போதும், பங்குகள் முழுவதையும் வெளிநாட்டவரே வைத்திருக்கலாம். இவ்வளவு மலிவா என்று அரங்கத்தில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். செயலாளர் சிரித்துக் கொண்டே மீதியைச் சொன்னார். குறைந்தது ஓர் இயக்குநர் சிங்கப்பூரில் வசிப்பவராக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் அங்கே வசிக்கும் ஒரு நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும். பதிவு முகவரி வேண்டும். சிங்பாஸ் இல்லாத வெளிநாட்டவர் தாமே விண்ணப்பிக்க முடியாது, பதிவு பெற்ற முகவர் வழியாகத்தான் செய்ய வேண்டும். அவர்களுக்குக் கட்டணம். ஆண்டுதோறும் ஆண்டறிக்கை, அதற்கு 60 வெள்ளி. கணக்கு எழுதுபவருக்குக் கட்டணம். வரிப் பாரம். வியாபாரமே நடக்காத ஆண்டிலும் இந்தச் செலவுகளில் பெரும்பாலானவை நிற்காது.

நிறுவனம் பதிவான மாத்திரத்தில் வங்கிக் கணக்கும் கிடைத்துவிடும் என்பது நம்மவர்களிடையே பரவலாக இருக்கும் தவறான எண்ணம். அவை இரண்டும் வேறு வேறு அலுவலகங்களின் வேலை. நிறுவனத்தைப் பதிவு செய்வது அக்ரா எனப்படும் அரசாங்க ஆணையம். கணக்கைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது வங்கி. நிறுவனம் கையில் இருந்தும் கணக்குக் கிடைக்காமல் ஆண்டுக் கட்டணம் மட்டும் கட்டிக் கொண்டிருப்பவர்கள் உண்டு.

'பேக்கேஜ்' காரர்கள்

அம்மையாருக்கு ஏற்கெனவே ஒரு முகவர் தொலைபேசியில் வலை வீசியிருந்தார். நிறுவனம், உள்ளூர் இயக்குநர், வங்கிக் கணக்கு மூன்றும் சேர்த்து ஒரே விலை, கணக்கு உறுதி, சிங்கப்பூருக்கு வரவே வேண்டாம் என்று. இதைச் சொன்னதும் மேடையில் மூவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

எந்த முகவரும் வங்கிக் கணக்கை உறுதி செய்ய முடியாது. அப்படிச் சொல்பவர் ஒன்று தெரியாமல் சொல்கிறார், அல்லது வேறு யாருடைய கணக்கையோ தரப் போகிறார். 'உள்ளூர் இயக்குநர்' என்பதிலும் விவகாரம் இருக்கிறது. பெயருக்கு இயக்குநராக நிற்கும் இந்த ஏற்பாடு சட்ட விரோதமானதல்ல. ஆனால் ஒரே ஆள் நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்குப் பெயர் கொடுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் இருந்த அவலங்கள் வெளிவந்த பிறகு, 2025 ஜூன் 9 முதல் சிங்கப்பூரில் நிறுவனச் சேவை வழங்குநர்களுக்கென்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தொழிலாகப் பெயர் இயக்குநர் வேலை செய்பவரைப் பதிவு பெற்ற சேவை வழங்குநர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும், அவர் தகுதியானவர் என்று உறுதிப்படுத்தவும் வேண்டும். பெயர் இயக்குநர் என்பதையும் யாருக்காக அவர் நிற்கிறார் என்பதையும் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விதி மீறும் வழங்குநருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம்.

இதைவிட உடனடியான ஆபத்து ஒன்றை வங்கி அதிகாரி சுட்டிக் காட்டினார். கணக்கில் கையெழுத்து அதிகாரம் யாரிடம்? இணைய வங்கியின் டோக்கன் யார் கையில்? முன்பின் தெரியாத பெயர் இயக்குநரிடம் அவற்றை விட்டு வைத்தால், நிறுவனம் நம்முடையது, பணம் அவருடையது என்று ஆகிவிடும். அதிகாரம் உரிமையாளரிடமே இருக்க வேண்டும் என்று வங்கித் தீர்மானத்தில் எழுதாமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

"அப்படின்னா என் அக்கா மகனையே டைரக்டராப் போட்டுடலாமே, அவன் பி.ஆர். தானே?" என்று அம்மையார் கேட்டார். நல்ல கேள்விதான். சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் இயக்குநர் என்றால் வெறும் பெயரல்ல. ஆண்டறிக்கை தாக்கல் ஆகவில்லை என்றால் சம்மன் அவன் வீட்டுக்கு வரும். ஐந்து ஆண்டுகளில் இப்படி மூன்று குற்றங்களில் தண்டிக்கப்பட்டால், ஐந்து ஆண்டுகளுக்கு எந்த நிறுவனத்திலும் இயக்குநராக முடியாது. பட்டறையில் அவன் வேலை ஒப்பந்தம் இதற்கு இடம் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே அவன் கணக்கு முடங்கியிருக்கும் நிலையில், வங்கி அவன் பெயரைப் பார்த்ததும் இரண்டாம் முறை யோசிக்கும். ஒரு முறை அந்தப் பையனை மாட்டி வைத்தது போதாதா என்று செயலாளர் கேட்டபோது அம்மையார் தலை குனிந்து கொண்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன கேட்பார்?

விண்ணப்பித்தே தீர வேண்டும் என்பவர்களுக்காக வங்கி அதிகாரி தம் பழைய நாற்காலியில் உட்கார்ந்து கொண்டது போலப் பேசினார். கடப்பிதழ், மூன்று மாதங்களுக்கு உட்பட்ட முகவரிச் சான்று, நிறுவனப் பதிவு விவரம், நிறுவன அமைப்பு விதிகள், கணக்குத் திறக்கச் சொல்லி இயக்குநர் வாரியம் நிறைவேற்றிய தீர்மானம், வரி செலுத்தும் நாட்டைக் குறிப்பிடும் சுய அறிவிப்பு, இவையெல்லாம் எல்லாரும் கொண்டு வருபவை. வெளிநாட்டு ஆவணங்களுக்கு நோட்டரி பப்ளிக் சான்றும் கேட்கலாம். இவற்றில் குறை இருந்தால் திருப்பித் தருவார்கள், திருத்திக் கொண்டு போகலாம். விண்ணப்பம் விழுவது பெரும்பாலும் பேச்சில்தான்.

உண்மையான உரிமையாளர் யார் என்பது ஒரு கேள்வி. சிங்கப்பூரில் 25 விழுக்காட்டுக்கு மேல் பங்கோ அதிகாரமோ உள்ளவரைப் பதிவேட்டில் காட்ட வேண்டும். மலேசிய நிறுவன ஆணையத்தின் விதியில் அந்த அளவு 20 விழுக்காடு, 2024 ஏப்ரல் 1 முதல் அதைத் தெரிவிப்பது கட்டாயமாகியிருக்கிறது. கணவர் பெயரில் பங்கு, நடத்துவது மனைவி என்று நம் குடும்பங்களில் சாதாரணமாக இருக்கும் ஏற்பாட்டை வங்கிக்கு விளக்கியாக வேண்டும். இரண்டு நாட்டுப் பதிவேட்டிலும் வேறு வேறு பெயர் இருந்தால் அங்கேயே சிக்கல்.

அடுத்த கேள்விதான் கழுத்தைப் பிடிக்கும். ஏன் சிங்கப்பூரில் கணக்கு வேண்டும்? "அங்கே பணம் இருந்தால் பாதுகாப்பு" என்று சொல்பவர்கள் ஏராளம். வங்கியின் காதில் அது வேறு மாதிரி விழும். "என்னிடம் வாங்கும் இரண்டு கடைகள் இங்கே உள்ளன, இதோ ஆறு மாதப் பில்கள், மாதம் ஏறக்குறைய இவ்வளவு வரும், அதில் இவ்வளவை மலேசியாவுக்கு அனுப்புவேன், பொட்டலப் பை வாங்கும் செலவு மட்டும் இங்கே" என்று சொல்பவருக்குக் கதவு திறக்க வாய்ப்பு அதிகம். எதிர்பார்க்கும் தொகையைக் கூட்டிச் சொல்வதும் ஆபத்து. மாதம் 50,000 வெள்ளி வரும் என்று பெருமைக்கு எழுதிவிட்டு 5,000 வந்தாலும் சந்தேகம், 5,000 என்று எழுதி ஒரே நாளில் 80,000 வந்தாலும் சந்தேகம். சொன்னதற்கும் நடப்பதற்கும் பொருத்தம் இருக்கிறதா என்று கணினி பார்த்துக் கொண்டே இருக்கும். திறந்த கணக்கை இரண்டு ஆண்டுகள் கழித்து மூடுவதும் இதனால்தான்.

மறுத்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். இதில் வருத்தப்படுவதால் பயனில்லை, வேறு வங்கிக்குப் போகலாம். ஆனால் ஒரே வாரத்தில் ஐந்து வங்கிகளுக்கு ஐந்து விதமாகப் பாரம் நிரப்பக் கூடாது. சிலர் மலேசியக் கிளையில் நீண்ட காலமாக உறவு வைத்திருக்கும் வங்கியின் சிங்கப்பூர்ப் பிரிவை அணுகுகிறார்கள். அறிமுகக் கடிதம் உதவும். ஆனாலும் சட்டத்தின் பார்வையில் இரண்டும் தனித்தனி, அங்கே விசாரணை முதலிலிருந்துதான்.

பாலத்துக்கு இந்தப் பக்கம்

அந்தப் பக்கக் கதவைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தவர்களை வரி ஆலோசகர் இந்தப் பக்கம் திருப்பினார். மலேசியாவில் வசிக்கும் ஏற்றுமதியாளர், சரக்கு அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதன் முழுத் தொகையையும் நாட்டுக்குள் கொண்டு வர வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் அந்நியச் செலாவணி விதி. ஆகவே முறுக்குக் காசைச் சிங்கப்பூரிலேயே சேர்த்து வைத்து மகள் கல்யாணத்துக்கு எடுக்கலாம் என்ற கணக்குச் செல்லாது. அரங்கத்தில் இருந்த வியாபாரிகளில் எத்தனை பேருக்கு இந்த விதி முன்பே தெரியும் என்று கேட்டதற்கு எழுந்த கைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ரகசியக் கணக்கு என்ற காலமும் முடிந்துவிட்டது. பல நாடுகள் கூடிச் செய்து கொண்ட ஏற்பாட்டின்படி, வெளிநாட்டவரின் கணக்கு விவரங்களை அவரவர் நாட்டு வரித் துறைக்கு ஆண்டுதோறும் அனுப்புகிறார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் 2018 முதல் இதில் பங்கேற்கின்றன. பெயர், முகவரி, வரி எண், ஆண்டிறுதி இருப்பு எல்லாம் போகும். சிங்கப்பூரில் நிறுவனம் தொடங்கினால் 17 விழுக்காடு வரிதான் என்று கணக்குப் போடுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நிறுவனம் அங்கே பதிவாகியிருந்தாலும், முடிவுகள் எல்லாம் ஸ்கூடாய்ச் சமையலறையில் எடுக்கப்பட்டால், அதை மலேசியாவில் வசிக்கும் நிறுவனமாகவே உள்நாட்டு வருமான வரி வாரியம் கருத இடமுண்டு. இங்கே சிறு நிறுவனங்களுக்கு முதல் 150,000 ரிங்கிட் வருமானத்துக்கு 15 விழுக்காடுதான் வரி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டுக் கணக்கு வேண்டவே வேண்டாமா?

இத்தனையும் கேட்ட பிறகு அம்மையாரின் முகத்தில் களைப்புத் தெரிந்தது. அப்போதுதான் வங்கி அதிகாரி, அவருக்குத் தேவையானது ஜொகூர் பாருவிலேயே கிடைக்கும் என்றார்.

மலேசியாவில் உரிமம் பெற்ற வங்கிகளில் நிறுவனத்தின் பெயரில் வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறக்கலாம். சிங்கப்பூர் வெள்ளியாகவே பணம் வந்து, சிங்கப்பூர் வெள்ளியாகவே இருக்கும். ஏற்றுமதிப் பணம் நாட்டுக்குள் வந்துவிட்டதால் ஆறு மாத விதியும் நிறைவேறிவிடும். 2016 டிசம்பரில், ஏற்றுமதி வருவாயில் 75 விழுக்காட்டை ரிங்கிட்டாக மாற்றியே ஆக வேண்டும் என்று ஒரு விதி வந்தது. பலர் இன்னும் அது இருப்பதாக நினைத்துப் பயப்படுகிறார்கள். 2021 ஏப்ரலில் அது விலக்கப்பட்டுவிட்டது. விலை பார்த்து, தேவை பார்த்து மாற்றிக் கொள்ளலாம். வைப்புத் தொகைக் காப்புறுதியும் உண்டு. மலேசியாவில் ஒரு வங்கியில் 250,000 ரிங்கிட் வரை, வெளிநாட்டு நாணய வைப்பும் அதில் அடங்கும். சிங்கப்பூரில் 2024 ஏப்ரல் முதல் 100,000 வெள்ளி வரை, ஆனால் சிங்கப்பூர் வெள்ளி வைப்புக்கு மட்டும். மின்னிலக்கப் பணச் சேவை நிறுவனங்கள் வழங்கும் கணக்குகள் மலிவாகவும் வேகமாகவும் இருக்கலாம், ஆனால் அவை வங்கிகள் அல்ல, இந்தக் காப்புறுதி அவற்றுக்குக் கிடையாது. வருகிற பணத்தை அதில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் எடுத்துக் கொள்வது நல்லது.

2023 நவம்பர் 17 முதல் பேநவ்வும் நம் டூயிட்நவ்வும் இணைக்கப்பட்டுவிட்டனவே, அதில் வாங்கலாமே என்று ஓர் இளைஞர் கேட்டார். அது தனி நபர்களுக்கிடையே அனுப்பிக் கொள்ளத் தொடங்கப்பட்ட ஏற்பாடு. தொடக்கத்தில் நாளுக்கு 1,000 சிங்கப்பூர் வெள்ளி அல்லது 3,000 ரிங்கிட் என்று வரம்பும் இருந்தது. நிறுவனத்தின் சரக்குக் காசுக்கு அது பாதையல்ல. மறுபடியும் யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்கில்தான் போய் முடியும்.

அப்படியானால் கடைக்காரர் முதலில் சொன்ன டிடி கட்டணப் பிரச்சினை? அது தீராமல் இருக்கிறது என்று அம்மையார் விடவில்லை. அதற்கும் வழி சொல்லப்பட்டது. வாரா வாரம் அனுப்புவதை மாதம் ஒரு முறையாக்கினால் கட்டணம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். டிடி பாரத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்று குறிக்க ஓர் இடம் இருக்கிறது. அனுப்புபவரே ஏற்பதா, இருவரும் பகிர்வதா, பெறுபவர் ஏற்பதா என்று. அதைப் பேசி முடிவு செய்து பில்லிலேயே அச்சிட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் 4,000 வெள்ளிக்கு எழுதிய பில்லுக்கு 3,900 சொச்சம் வந்து சேரும், கடைக்காரர் குறைத்து அனுப்பினாரா வங்கி பிடித்ததா என்று மாதா மாதம் சண்டை நடக்கும்.

நிகழ்ச்சி முடிந்து விளக்குகள் அணைக்கப்பட்ட பிறகும் அம்மையார் வங்கி அதிகாரியை விடவில்லை. கே2 பாரங்களை எந்த வரிசையில் அடுக்குவது, கடிதத்தைத் தமிழில் எழுதி மொழிபெயர்க்கலாமா என்று கேட்டுக் கொண்டிருந்தார். இல்லை, நேரே ஆங்கிலத்திலேயே எழுதலாம், ஆனால் பையனும் அதைப் படித்துப் புரிந்து கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அவர். வெளிநாட்டு நாணயக் கணக்கு அப்புறம் ஆகட்டும், முதலில் திங்கட்கிழமை பஸ் பிடித்துப் பாலம் தாண்டிப் போய் அக்காள் மகனோடு வங்கியில் உட்காரப் போவதாக அம்மையார் சொல்லிவிட்டுப் போனார்.